கோணேசர் கல்வெட்டும் குளக்கோட்டன் ஐதீகமும்: ஒரு சமூகவியல் நோக்கு

ஈழத்துச் சிவாலயங்கள் பற்றி இதுகாறும் எழுதப்பட்டவற்றைப் பெரும்பாலும் இரு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒரு சாரார் தலபுராணங்கள் கூறுவனவற்றை அவ்வாறே வரலாறாக ஏற்று, தத்தம் கோயிலின் தொன்மையை நிறுவுவதிலேயே முனைந்து நிற்பர். மறுசாரார் சாசனங்களாலும் தொல்பொருட் சான்றுகளாலும் உறுதிப்படாத யாவற்றையும் கட்டுக்கதையென ஒதுக்கிவிட்டு, எஞ்சிய சில ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் வரிசைப்படுத்துவதோடு அமைவர். முன்னையோர் ஐதீகத்துக்கு அதற்கு உரியதல்லாத அதிகாரத்தை வழங்குகின்றனர். பின்னையோர் அது தரக்கூடிய சான்றையும் சேர்த்தே இழந்துவிடுகின்றனர். ஐதீகம் உண்மையா பொய்யா என்ற வினாவோடு இரு சாராரும் நின்றுவிடுவதே இதற்குக் காரணமாகும். குறித்த ஐதீகம் எக்காலத்தில், எவரால், எத்தேவையின் பொருட்டு அவ்வடிவினைப் பெற்றது என்ற வினா எழுப்பப்படும்போதே இலக்கிய ஆய்வு சமூக வரலாற்றுக்குத் துணைசெய்வதாகின்றது.

இக்கட்டுரையில் திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் பற்றி வழங்கும் ஐதீகங்களை, சிறப்பாகக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை, இந்நோக்கில் அணுக முற்படுகின்றோம். கோயிலின் வரலாற்றை முழுமையாகக் கூறுவது எமது நோக்கமன்று. குளக்கோட்டன் என்னும் பெயரைச் சுற்றி வளர்ந்த கதை எத்தகைய உற்பத்தி உறவுகளைத் தாங்கி நின்றது என்பதே நாம் ஆராய விரும்பும் பொருள்.

1. பதிகமும் சாசனங்களும்

கோணேசர் கோயில் பற்றிய தமிழ் இலக்கியச் சான்றுகளுள் காலத்தால் முந்தியது, ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகமாகும். சம்பந்தர் கடல்கடந்து வந்திலர். இராமேசுவரத்தில் நின்றவாறே இத்தலத்தைப் பாடினார் என்பது பெரியபுராண மரபு. எனவே இப்பதிகம் நேரிற் கண்டவரின் வருணனையன்று. ஏழாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் இத்தலம் எவ்வாறு அறியப்பட்டிருந்தது என்பதற்கான சான்று. அவ்வகையில் நோக்குமிடத்துப் பதிகத்தில் இரு செய்திகள் எமது கவனத்தை ஈர்க்கின்றன. முதலாவது, கடல் கரையிற் கொணர்ந்து சேர்ப்பனவாகக் கூறப்படும் பொருள்கள். முத்து, மணி, சந்தனம், அகில் ஆகியவை பக்தி இலக்கியத்தில் வழக்கமாக இடம்பெறும் பொருள்களேயாயினும், இயற்கைத் துறைமுகமொன்றின் மேல் நின்ற கோயிலைப் பாடுமிடத்து அவை வணிகப் பண்டங்களின் பட்டியலாகவும் அமைந்துவிடுகின்றன. இரண்டாவது, அங்குக் குடிமக்கள் நெருங்கிப் பெருகி வாழ்ந்தனர் என்னும் குறிப்பு. கோயிலைச் சூழ ஒரு குடியிருப்பு இருந்தமை தமிழகத்திலும் தெரிந்திருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

பதிகத்தில் இல்லாதனவும் கருதத்தக்கன. குளக்கோட்டனைப் பற்றியோ கந்தளாயைப் பற்றியோ அதிற் குறிப்பெதுவுமில்லை. இராவணன் வருகின்றான். ஆனால், சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாடலில் வழமையாக வரும் கயிலை எடுத்த இராவணனே அவன். தாயின் வழிபாட்டுக்காக இம்மலையைப் பெயர்க்க முயன்ற இராவணனோ, இராவணன் வெட்டோ, தாயின் ஈமக்கடனோடு இணைக்கப்படும் கன்னியா வெந்நீரூற்றுகளோ அங்கு இல்லை. பொதுவான புராணப் பாத்திரமொன்று குறித்த மலையோடும் ஊற்றோடும் பிணைக்கப்பட்டு உள்ளூர்க்காரனாக மாறியது பிற்பட்ட வளர்ச்சியே எனக் கொள்ளல் பொருந்தும்.

பாளி நாளாகமத்தின் சான்றும் உண்டு. மகாசேனன் தேவாலயங்களை அழித்து விகாரைகளை அமைத்த இடங்களுள் கோகர்ணமும் ஒன்று என மகாவம்சம் கூறும். கடற்கரையில் நின்ற இவ்வழிபாட்டிடத்தின் பழமையை அதற்குச் சார்பற்ற ஒரு நூலே ஒப்புக்கொள்வதாக இதனைக் கொள்ளலாம்.

சோழராட்சிக் காலத்தை அடையும்போது சான்றின் தன்மையே மாறுகின்றது. நிலாவெளியிற் கிடைத்த தமிழ்ச் சாசனம் கோணபர்வதத்து இறைவனுக்கு இருநூற்றைம்பது வேலி நிலம் வழங்கப்பட்டமையைக் குறிப்பிடுகின்றது. ஒரு வேலியை 6.6 ஏக்கராகக் கொள்ளின் இது 1,650 ஏக்கராகும். பதிகத்தில் முத்தும் மணியும் கொழிக்கும் கடலோரத் தெய்வமாக விளங்கிய இறைவன், சாசனத்தில் நிலவுடைமையாளராகத் தோற்றமளிக்கின்றார். இம்மாற்றம் ஈழத்துக்கு மாத்திரம் உரியதன்று. பல்லவர் காலத்துப் பக்தியியக்கம் சோழர் காலத்தில் நிலவுடைமை நிறுவனமாக உறுதிப்பட்டதைப் பேராசிரியர் க. கைலாசபதி 1966இல் வெளிவந்த 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார். பௌத்த விகாரைகளும் இத்தகைய நிலவுடைமை நிறுவனங்களாகவே இயங்கின என்பதை ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979இல் வெளியான தமது ஆய்விற் காட்டினார். விகாரையாயினும் கோயிலாயினும், நெல்லுற்பத்தியின் உபரி அவ்விடத்தையே சென்றடைந்தது.

நிலமிருந்தால் நீர் வேண்டும். நீரும் நிலமும் உள்ளவிடத்து உழைப்பவர் வேண்டும். குளக்கோட்டன் ஐதீகத்தை விளங்கிக்கொள்வதற்கான வழி இங்கிருந்தே தொடங்குகின்றது.

2. மூன்று காலங்களில் ஒரு மன்னன்

கோணேசர் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டப்பட்ட சாசனமன்று. செய்யுளும் உரைநடையும் விரவிய ஓர் இலக்கிய நூலாகும். கவிராசவரோதயன் அதன் ஆசிரியனாகக் கூறப்படுகின்றான். மட்டக்களப்புப் பகுதியின் நாடுகாட்டுப் பரவணிக் கல்வெட்டு போன்றவற்றை நோக்கும்போது, கீழ் மாகாணத்தில் 'கல்வெட்டு' என்பது ஓர் இலக்கிய வகையின் பெயராகவே வழங்கியது என்பது தெளிவாகும். உரிமைகளையும் கடமைகளையும் வகுத்துக் கூறி, அவை மாற்றத்தகாதவை என நிலைநாட்டுவதே அவ்வகையின் இயல்பு. கல் அழியாதது. ஏட்டில் எழுதப்பட்டதற்குக் கல்வெட்டு எனப் பெயரிடுவது அழியாமையை அதற்கு ஏற்றிக் கூறுவதாகும். பெயரிலேயே நூலின் நோக்கம் ஓரளவு வெளிப்பட்டுவிடுகின்றது.

சோழநாட்டு வரராமதேவன் கோணமலையின் பெருமையைக் கேட்டு வந்து திருப்பணி தொடங்கினான் என்பதும், அவன் மைந்தனாகிய குளக்கோட்டன் கோயிலைக் கட்டிமுடித்து, கந்தளாய்க் குளத்தையும் அமைத்து, கோயிற் பணிகளுக்கு வேண்டிய குடிகளை அழைப்பித்துக் குடியேற்றினான் என்பதும் நூலின் மையக்கதை. இத்திருப்பணி கலியாண்டு 512இல் நிகழ்ந்ததாக நூல் கூறும். அது கி.மு. 2590 அளவில் அமையும். யாழ்ப்பாண வைபவமாலையோ குளக்கோட்டனைச் சகவருடம் 358இல், அதாவது கி.பி. 436இல் வைக்கின்றது. நவீன வரலாற்றாசிரியருள் பேராசிரியர் சி. பத்மநாதன் முதலியோர், திருகோணமலையில் கிடைத்த வடமொழிச் சாசனமொன்றில் சகவருடம் 1145இல், அதாவது கி.பி. 1223இல், இலங்கைக்கு வந்தவனாகக் குறிக்கப்படும் சோடகங்கதேவனே குளக்கோட்டன் ஐதீகத்தின் அடிப்படையாகலாம் எனக் கருதுவர். கந்தளாய்க் குளத்தைப் பொறுத்தவரையில், பாளி நாளாகமம் அதனை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதிக்கு உரியதாகக் கூறுகின்றது.

ஒரே மன்னனுக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் வெவ்வேறு காலங்கள் கூறப்படும்போது, அவற்றுள் எது சரியானது எனத் தெரிந்தெடுப்பதோடு ஆய்வாளர் பணி முடிவதில்லை. குளக்கோட்டன் என்னும் பெயரே குளமும் கோட்டமும் கண்டவன் எனப் பொருள்படுவது. அதனை இயற்பெயராகக் கொள்வதிலும் ஒரு பணியின் பெயராகக் கொள்வதே பொருத்தமானது. சோடகங்கதேவன் போன்ற ஒருவனின் திருப்பணி அதன் அடித்தளத்தில் இருத்தல் கூடும். ஆயினும் பல காலங்களிற் பலர் கட்டியும் திருத்தியும் விரித்தும் வந்த குளமும் கோயிலும், ஒரே காலத்தில் ஒரே மன்னனின் ஒரே எண்ணத்தால் தோன்றியவையாகச் சுருக்கப்பட்டபோதே குளக்கோட்டன் முழு உருவம் பெற்றான். இவ்வாறு சுருக்குவதன் பயன் யாது? குளத்து நீரைப் பெறுபவன் கோயிலுக்குக் கடன்பட்டவன் என்னும் முடிவு அதனால் எளிதாகப் பெறப்படுகின்றது. குளத்தைத் தந்தவனே கோயிலையும் தந்தான் என்றால், வயலில் இறங்கும் நீரும் கோயிலுக்குச் செல்லும் நெல்லும் ஒரே கட்டளையின் இரு பகுதிகளாகிவிடுகின்றன.

மகாசேனன் மின்னேரியாத் தெய்வமாகச் சிங்கள விவசாயிகளிடையே வணங்கப்பட்டு வந்தமை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. மகாவம்சம் புகழும் மன்னனும் கல்வெட்டுப் புகழும் மன்னனும், சமயத்தாலும் மொழியாலும் வேறுபட்டவர்களாக நினைக்கப்படினும், வரண்ட வலயத்து நெற்செய்கையாளரின் உலகில் ஒரே இடத்தையே வகிக்கின்றனர்.

3. பூதங்கள் கட்டிய குளம்

குளக்கோட்டன் ஐதீகத்தில் எமக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கூறு, பெரும்பாலும் சிறுவர்க்குரிய கதையாகக் கருதி விடப்படுவதாகும். கந்தளாய்க் குளத்தைப் பூதங்கள் கட்டின என்பதே அது.

பெருங்குளமொன்றைக் கட்டுவது எத்தகைய வேலை என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காடு வெட்டி, மண் அகழ்ந்து, கூடையிற் சுமந்து, அணையிற் கொட்டி, மிதித்து இறுக்கி, அலைகரையிற் கல்லடுக்கி, துருசு அமைத்து, ஆண்டுதோறும் மழைக்குமுன் பழுதுபார்க்கும் வேலை அது. கட்டிமுடித்த பின்னும் காவலும் பராமரிப்பும் ஓய்வதில்லை. 1986 ஏப்பிரல் 20ஆம் திகதி கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தபோது, குளத்தின் அணை எத்துணைப் பொறுப்பின் மேல் நிற்கின்றது என்பதை முழு நாடும் உணர நேர்ந்தது.

இத்துணை மனித உழைப்பை வேண்டி நின்ற அணை, ஐதீகத்தில் மனிதர் எவரும் தொடாத ஒன்றாகிவிடுகின்றது. மன்னன் எண்ணினான், பூதங்கள் செய்தன. மண் சுமந்தவனுக்குக் கதையில் இடமேயில்லை. இதற்கு இரு விளக்கங்கள் கூறலாம். ஒன்று, பிற்காலத்து மக்கள் சிதைந்த பேரணைகளைக் கண்டு, தம்மைப் போன்றோர் இவற்றைக் கட்டியிருக்கவியலாது என வியந்து பூதங்களைக் கற்பித்தனர் என்பது. 1786இல் இப்பகுதியிற் பயணஞ்செய்த ஒல்லாந்த அதிகாரி வான் சென்டனின் நாட்குறிப்புக் காட்டும் குடித்தொகை குன்றிய கிராமங்களையும் பாழடைந்த குளங்களையும் நோக்கின் இவ்விளக்கம் ஏற்புடையதே. எனினும் அது முழுமையானதன்று. பூதங்களை மனிதர்க்கு மேற்பட்டனவாக மாத்திரம் கொண்டால் போதாது. அவை ஏவலுக்குக் கட்டுப்பட்டவை, கூலி கேளாதவை, வேலை முடிந்ததும் மறைந்துவிடுபவை. கட்டாய ஊழியத்தை விதித்தவர்கள் விரும்பியிருக்கக்கூடிய இலட்சிய உழைப்பாளியின் உருவம் இதுவன்றோ? உழைப்பைப் பூதத்துக்கு உரியதாக்கும்போது, உழைத்தவனின் வழிவந்தோர் குளத்தின்மேல் உரிமைகோரும் வாய்ப்பும் நீங்கிவிடுகின்றது. குளம் அரசனின் கொடையாகவும் தெய்வத்தின் சொத்தாகவும் மாத்திரம் எஞ்சுகின்றது.

நீர்ப்பாசனமே சர்வாதிகார அரசைத் தோற்றுவித்தது என்ற விற்போகலின் கருத்தை மறுத்து, எட்மன்ட் லீச் 1959இல் இலங்கைக் குளங்களை முன்வைத்து எழுதினார். சிறு குளங்கள் கிராமத்தவரின் சொந்த முயற்சியால் இயங்கியவை என்பதும், பேரணைகளும் நீண்ட காலத்தில் சிறிது சிறிதாக வளர்ந்தவை என்பதும் அவர் வாதத்தின் சாரம். ஐதீகமோ விற்போகலின் பக்கமே நிற்கின்றது. அரசனின்றிக் குளமில்லை என்பதே அதன் குரல். இதனாலேயே ஐதீகத்தை வரலாற்றுச் சான்றாக எடுத்தாளும்போது, அது எவரது குரல் என வினவவேண்டியுள்ளது.

4. தானமும் வரிப்பத்தும்

கோணேசர் கல்வெட்டின் பெரும்பகுதி திருப்பணியைப் பற்றியதன்று, தொழும்பைப் பற்றியதாகும். குளக்கோட்டன் மருங்கூர், காரை முதலிய இடங்களிலிருந்து குடிகளை அழைப்பித்தான். அவர்களைத் தானத்தார், வரிப்பத்தார் எனப் பகுத்து, கோயிலின் நிருவாகமும் பண்டாரமும் முதலாக, துப்புரவும் நெற்குற்றலும் மாலை தொடுத்தலும் ஈறாக உள்ள பணிகளை அவரவர்க்கு விதித்தான். இவர்களிடையே பிணக்கு நேர்ந்தால் நடுநின்று தீர்ப்பதற்கு மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்னும் வன்னிபத்தை வருவித்தான். இவ்வொழுங்கு வழுவாது நடத்தல்வேண்டும் என்பதும், வழுவினாற் கேடு சூழும் என்பதும் நூலில் வற்புறுத்தப்படுகின்றன.

சமூகப் பிரிவுகள் எவ்வாறு தோன்றின என்னும் வினாவுக்கு நூல் தரும் விடை மிக எளிமையானது. மன்னன் வகுத்தான், அதனால் உள்ளன. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து குடியேறியோரும், ஏற்கெனவே அங்கு வாழ்ந்தோரும், நிலவுறவுகளால் உயர்ந்தும் தாழ்ந்தும் நின்ற ஒரு நீண்ட வரலாறு, ஒரே நாளில் இடப்பட்ட கட்டளையாக மாற்றப்படுகின்றது. ஊழியம் உற்பத்தி உறவாகக் காட்டப்படாது வழிபாடாகக் காட்டப்படுகின்றது. நெல் குற்றுபவன் நிலவுடைமையாளனுக்கு நெல் குற்றவில்லை, கோணநாதருக்குக் குற்றுகின்றான். அதனை மறுப்பவன் கூலிப் பிணக்கில் ஈடுபடுபவனாகக் கருதப்படமாட்டான், சிவத்துரோகியாகவே கருதப்படுவான். கருத்துநிலை என்பது வெறும் ஏமாற்றுவித்தையன்று. அது ஊழியஞ் செய்பவனுக்கும் ஒரு மதிப்பை, கோயிலில் ஒரு நிலையான பங்கை, ஊரில் ஓர் உரிமையை வழங்கியது. அதனாலேயே அது இத்துணைக் காலம் நிலைத்தது. கோயில் அழிந்த பின்னும் தம்பலகாமத்து ஆதிகோணேசர் கோயிலில் தொழும்புகள் பரம்பரையாகத் தொடர்ந்தமையை இவ்வுரிமையுணர்வினைக் கருதாது விளக்கமுடியாது.

எனவே ஐதீகத்தை ஆளும் வர்க்கத்தின் கட்டுக்கதை என ஒரே வரியில் முடித்துவிடுவோரின் கூற்றும் எமக்கு உடன்பாடன்று. தொழும்பாளர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். தம்மை அழைப்பித்தவன் மன்னன், தமது பணி கல்வெட்டில் உள்ளது, எனவே தம்மை எவரும் அகற்றமுடியாது என அவர்கள் வாதிட அதே நூல் இடமளித்தது. கடமைப் பட்டியலொன்று உரிமைச் சாசனமாகவும் பயன்படக்கூடியது. ஆயினும் அவ்வுரிமையின் எல்லையையும் நாம் மறந்துவிடலாகாது. தன் பிறப்புக்குரிய பணியைச் செய்யும் உரிமையே அது. அப்பணியிலிருந்து விடுபடும் உரிமையன்று. 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் எழுப்பிய வினா, கோணேசர் கல்வெட்டு போன்ற நூல்கள் எழவிடாது தடுத்துவைத்திருந்த வினாவேயாகும்.

ஊழிய ஒழுங்குக்குப் பின்னால் ஆயுதமும் இருந்தது என்பதற்குக் கந்தளாய்ப் பகுதிச் சாசனமொன்று சான்றாகின்றது. முதலாம் விசயபாகு காலத்துப் பாலமோட்டைத் தமிழ்ச் சாசனம், தென்கயிலாசம் எனப்பட்ட சிவன் கோயிலுக்குப் பிராமணப் பெண்ணொருத்தி வழங்கிய அறக்கொடையைக் கூறி, அதனை வேளைக்காறப் படையினரின் காவலில் ஒப்படைக்கின்றது. கல்வெட்டு சாபத்தால் காப்பதைச் சாசனம் வாளால் காக்கின்றது.

5. கயவாகுவும் கண் தழைத்த கதையும்

கயவாகு மன்னன் கோணேசர் கோயிலை அழிக்கும் எண்ணத்தோடு வந்து, பார்வை இழந்து, பின்பு இறையருளாற் கண்பெற்றுக் கோயிலுக்கு மானியம் வழங்கினான் என்பதும், அவன் கண் தழைத்த இடமே கந்தளாய் என்பதும் ஐதீகம். இடப்பெயர் விளக்கம் பிற்காலக் கற்பனை என்பதில் ஐயமில்லை. பாளி மொழியில் அவ்விடம் கங்காதடாகம் என்றே வழங்கிற்று. எனினும் கதையின் அடியில் வரலாற்றுச் செய்தியொன்று உறைந்துள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டினனாகிய இரண்டாம் கயபாகு பிறநாட்டிலிருந்து புறச்சமயப் பிரபுக்களை வருவித்தான் எனச் சூளவம்சம் குறைகூறுகின்றது. அவன் தன் இறுதிக் காலத்தைக் கந்தளாயிலேயே கழித்தான்.

பொலனறுவையிலிருந்து ஆண்ட மன்னர்க்குக் கந்தளாய் அந்நிய இடமன்று. விசயபாகுவின் பெயராலேயே அங்கு ஒரு சதுர்வேதிமங்கலம் விளங்கியது. நிசங்கமல்லனின் சிங்களச் சாசனமொன்று அப்பிராமணக் குடியிருப்பையும் அங்குத் தான் அமைத்த பார்வதிசத்திரத்தையும் குறிப்பிடுகின்றது. சிங்கள மன்னரின் பெயரால் அமைந்த பிராமணக் குடியிருப்பு, அதனருகே தமிழிற் பொறிக்கப்பட்ட சாசனம், அதே ஊரில் சிங்களத்திற் பொறிக்கப்பட்ட இன்னொன்று என்பனவே பதினொராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளின் கந்தளாய். அக்காலத்து ஆளும் குழாத்தினர் மொழியெல்லையையும் சமயவெல்லையையும் எளிதிற் கடந்தனர். அவர்களை இணைத்தது நிலத்தின் மீதும் நீரின் மீதுமான பொது நலன். கண்ணிழந்து மனந்திரும்பிய மன்னனின் கதை, இவ்விணக்கம் மறைந்துபோன பிற்காலத்தில், மன்னன் ஒருவன் தன் மதமல்லாத கோயிலுக்கு ஏன் கொடை வழங்கினான் என்பதை விளக்க எழுந்ததாதல் வேண்டும். இயல்பாக இருந்த ஒன்று, அற்புதமாக மாறினால் மாத்திரமே நம்பத்தக்கதாகும் நிலை ஏற்பட்டிருந்தது.

6. தீர்க்கதரிசனம்

போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தினோ த சா 1620களின் முற்பகுதியில் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டையை எழுப்பினான். 1622ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு நாளன்று, இறைவன் நகர்வலஞ் சென்றிருந்த வேளையில், அந்தணர் வேடத்தில் வந்தவர்களால் அழிவு நேர்ந்தது என்பது செவிவழி மரபு. ஒல்லாந்தர் 1639இல் கோட்டையைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் 1795இல் அதனைப் பெற்றனர்.

கோட்டை வாயிலிற் பதிந்துள்ள கல்லொன்றில் இணைக்கயல்களும் சிதைந்த தமிழ் வரிகளும் காணப்படுகின்றன. குளக்கோட்டன் எழுப்பிய திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்பது அவ்வரிகளின் கருத்து. ஏட்டிலும் வாய்மொழியிலும் வழங்கும் வடிவமோ அதனோடு நில்லாது, பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என அடுத்தடுத்து வரும் ஆட்சியாளரையும் கூறுகின்றது. ஒவ்வோர் ஆட்சிமாற்றத்தின் பின்னும் பாட்டு வளர்ந்திருத்தல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய கேய்றோஸ் பாதிரியாரும் கோயிற் கல்லிற் கண்ட எதிர்வுகூறலொன்றின் மொழிபெயர்ப்பைத் தந்துள்ளார். அதில் குளக்கோட்டன் பெயரில்லை, மாணிக்கராசன் என்பது போலத் தொனிக்கும் வேறொரு பெயரே உள்ளது. அழித்தவரின் பதிவு, கோயிலை மீளக் கட்டுவதற்கு இத்தீவில் அரசன் இரான் என முடிகின்றது.

இருதரப்பாரும் ஒரே நிகழ்ச்சியை முன்னரே விதிக்கப்பட்டதாகக் கூறுவதில் ஒன்றுபடுகின்றனர். அழித்தவனுக்கு அது அழிவை நியாயப்படுத்துகின்றது. இழந்தவனுக்கோ அது இழப்பைத் தாங்கிக்கொள்ளத் துணைசெய்கின்றது. ஆயின் விதியாகக் கூறப்படும் தோல்விக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. கடல்வணிகத்தின் மீதான போட்டியும், துறைமுகத்தின் போருபாயப் பெறுமதியும், உள்ளூர் அரசுகளின் பிளவும் பாட்டில் இடம்பெறா. கோணேசர் கோயில் நின்ற இடம் துறைமுகத்தின் திறவுகோலாக அமைந்தமையே அதன் சிறப்புக்கும் அழிவுக்கும் காரணமாயிற்று என்பதை, முத்துக் கொழிக்கும் கடலைப் பாடிய பதிகமும் கோட்டையின் கல்லும் ஒருங்கே உணர்த்துகின்றன.

7. முடிவுரை

1950இல் திருகோணமலையில் நிலத்தடியிலிருந்து சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலுக்குள் கோயிற் சிதைவுகளைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலின் குடமுழுக்கு நிகழ்ந்தது. இவை யாவும் குளக்கோட்டன் ஐதீகத்துக்குப் புத்துயிர் அளித்தன. அது வியப்பன்று. குடியேற்றத் திட்டங்களாலும் போராலும் நிலத்தை இழந்த ஒரு சமூகம், தன் இருப்புக்குச் சான்றாக ஐதீகத்தைப் பற்றிக்கொள்கின்றது. 2019இல் கன்னியாவில் எழுந்த சர்ச்சையும், கீழ் மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென 2020இல் அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணி தோற்றுவித்த அச்சமும், பழமை பற்றிய வினா இங்கு ஏட்டுக்கல்வியோடு நின்றுவிடுவதன்று என்பதை உணர்த்தின.

இத்தகைய சூழலில் ஐதீகத்தை விமர்சிப்பது எதிரிக்குத் துணைபோவதாகாதா என்ற வினா எழுப்பப்படுகின்றது. அவ்வாறு கருதுவதற்கில்லை. தமிழ் மக்கள் இப்பகுதியில் நெடுங்காலமாக வாழ்ந்தனர் என்பதற்குக் கலியாண்டு 512 தேவையில்லை. ஏழாம் நூற்றாண்டுப் பதிகமும் சோழர், பொலனறுவைக் காலச் சாசனங்களும் அதற்குப் போதும். வலுவான சான்று இருக்கையில் நொய்தான சான்றை முன்வைப்பதே எதிர்வாதம் புரிவோர்க்கு வாய்ப்பளிப்பதாகும். மேலும், பேரினவாத வரலாற்றெழுத்து மகாவம்சத்தை நிலவுறுதியாக மாற்றியபோது அதனை மறுத்த நாம், அதே முறையைக் கோணேசர் கல்வெட்டின் வழி மேற்கொள்வோமாயின் மறுக்கும் தகுதியை இழந்துவிடுவோம்.

கந்தளாய்க் குளத்தை அக்கபோதி கட்டினானா குளக்கோட்டன் கட்டினானா என்ற விவாதத்தில், மண் சுமந்தவரைப் பற்றி இரு தரப்பும் வாய் திறப்பதில்லை. அவர்கள் எம்மொழி பேசினர் என்பதை அணை கூறப்போவதில்லை. நாளாகமம் அவர்களை மன்னனின் புண்ணியத்துள் மறைத்தது, கல்வெட்டு பூதங்களாக்கியது. ஈழத்துத் தலபுராணங்களையும் கல்வெட்டு நூல்களையும் செம்மையாகப் பதிப்பித்து, அவை விதித்த தொழும்புகளையும் பெயரின்றிக் குறித்த குடிகளையும் நிலவரலாற்றோடு இணைத்து ஆராயும் பணி எமது பல்கலைக்கழகங்களின் முன்னுள்ளது. பூதங்களுக்குரியதாக்கப்பட்ட உழைப்பை மீண்டும் மனிதர்க்கு உரியதாக்குவது அப்பணியின் முதற்படியாகும்.